வரப்பில் ஐந்து நிமிடம்

"நாள் முழுதும் வயலில் உழைப்பவனுக்கு உடற்பயிற்சி எதற்கு?" என்று விவசாயிகள் கேட்பதுண்டு. நானும் பல ஆண்டுகள் அப்படியே எண்ணியிருந்தேன். நடவும் களையெடுப்பும் உழைப்புதான். ஆனால் இடுப்பை ஒரே வாக்கில் வளைத்து வைக்கும் உழைப்பு. அந்த வலி மாலையில் எரிச்சலாகி வீட்டார் மேல் விழுகிறது. இரவுத் தூக்கத்தையும் கெடுக்கிறது. தூக்கம் கெட்டவனுக்குக் கடன் கவலை இரட்டிப்பாகத் தெரியும்.

ஆகவே மணிக்கொரு முறை வரப்பேறி ஐந்து நிமிடம் ஒதுக்கவும். கைகளை இடுப்பில் ஊன்றி மெல்லப் பின்னால் சாயவும், தோள்களைச் சுழற்றவும், சிறிது தூரம் கைவீசி நடக்கவும். வாய்க்கால் மேட்டில் குந்திப் பீடி பற்றவைப்பது இதில் சேராது! 10 நிமிடத்துக்குக் குறைந்த அசைவு கணக்கில் வராது என்ற பழைய கருத்தை உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் கைவிட்டுவிட்டது.

நடவுப் பெண்களுக்கும் இந்த இடைவேளை வேண்டும். எட்டு மணி நேர வேலையில் குறைவது சுமார் 40 நிமிடமே. அதற்குக் கூலி பிடிப்பது நியாயமன்று.

வாரக்கணக்கில் தூக்கமின்றி மனம் சோர்ந்திருந்தால் பயிற்சி மட்டும் போதாது. 14416 என்ற டெலி மானஸ் இலவசத் தொலைபேசி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.