வயது ஒரு சுவை அல்ல

"எத்தனை வருஷம்?" விஸ்கி பற்றிப் பேச்செடுத்தால் நம் ஆட்களிடமிருந்து வரும் முதல் கேள்வி இதுதான். இரண்டாவது, "எவ்வளவு?" இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால் தீர்ப்பும் தயார். பன்னிரண்டு என்றால் பரவாயில்லை. பதினெட்டு என்றால் மரியாதை. நான்கு வருடப் போர்பன் என்று சொல்லிப் பாருங்கள். "அது சும்மா கோக்குல ஊத்தத்தான் லா" என்று கிளாஸைத் தொடாமலேயே தள்ளிவிடுவார்கள்.

நான் சொல்ல வருவது இதுதான்: மலிவான இளம் போர்பனை நம்மில் பலர் இதுவரை மதிப்பிட்டதே இல்லை. லேபிளுக்கு மட்டும்தான் மார்க் போட்டிருக்கிறோம்.

வயது என்கிற இந்த அளவுகோல் ஸ்காட்ச்சிலிருந்து வந்தது. ஸ்காட்ச் பெரும்பாலும் ஏற்கெனவே பயன்படுத்திய பீப்பாய்களில், குளிர்ந்த ஊரில் ஊறுகிறது. அந்தப் பீப்பாய்களில் நிறைய, அமெரிக்காவில் போர்பன் ஊறி முடிந்தவை. ஒருமுறை சாறு இறங்கிய மரம், மிச்சத்தை மெதுவாகத்தான் கொடுக்கும். அதனால் அங்கே காத்திருப்பதற்கு அர்த்தம் இருக்கிறது.

போர்பன் கதை வேறு. அமெரிக்கச் சட்டப்படி அதில் குறைந்தது 51 சதவீதம் சோளம் இருக்க வேண்டும். உட்புறம் தீயில் கரித்த புத்தம்புதிய ஓக் கலனில்தான் ஊற வேண்டும். உள்ளே போகும்போது ஆல்கஹால் 62.5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. கென்டக்கியின் கோடை வெப்பம் சாராயத்தை மரத்துக்குள் தள்ளுகிறது, குளிர்காலம் திரும்ப இழுக்கிறது. லிக்னின் உடைந்து வனிலா வாசம் வருகிறது, மரத்தின் சர்க்கரை கருகி இனிப்பு இறங்குகிறது. கரி, கந்தக வாடையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறது. புது மரம் இதையெல்லாம் சீக்கிரமே கொடுத்துவிடும். அதற்குப் பிறகும் விட்டுவைத்தால் கொடுப்பது துவர்ப்பும் கசப்பும். இருபது வருடம் கிடந்து, பலகையைக் கடித்த மாதிரி ஆகிப்போன போர்பனும் உண்டு. வயது ஏற ஏற நல்லது என்கிற விதி இங்கே செல்லாது.

சட்டத்தில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. வெறும் 'போர்பன்' என்று போட்டுக்கொள்ளக் குறைந்தபட்ச வயது எதுவும் கிடையாது. 'ஸ்ட்ரெய்ட்' என்று போட இரண்டு வருடம் வேண்டும். நான்கு வருடத்துக்குக் குறைவாக இருந்தால் வயதை லேபிளில் சொல்லியே ஆக வேண்டும். ஆக, வயது எதுவும் போடாத ஸ்ட்ரெய்ட் போர்பனுக்குக் குறைந்தது நான்கு வருடம். 'பாட்டில்ட் இன் பாண்ட்' என்று இருந்தால் அது 1897ஆம் ஆண்டுச் சட்டம்: ஒரே வடிசாலை, ஒரே பருவம், நான்கு வருடம், 50 சதவீத ஆல்கஹால். ஸ்ட்ரெய்ட் போர்பனில் நிறமோ மணமோ சேர்க்க முடியாது. ஸ்காட்ச்சில் நிறத்துக்காக கேரமல் சேர்க்கச் சட்டமே அனுமதிக்கிறது. "கலரைப் பாரு, வயசு தெரியுது" என்று சிலாகிக்கும் அண்ணன்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

விலை? அதில் பெரும்பங்கு காத்திருப்பின் செலவு. கிடங்கு, முடங்கிய முதல், ஆண்டுதோறும் பீப்பாயிலிருந்து ஆவியாகிப் போனது. அதற்கு மேல் கிராக்கி. பாப்பி வான் விங்கிள் மறுவிற்பனையில் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போவதற்கு நாக்கைவிடத் தட்டுப்பாடுதான் பெரிய காரணம்.

அப்படியென்றால் இளம் போர்பனை எப்படி எடைபோடுவது? ஐஸ் வேண்டாம், கோக் வேண்டாம். 15 மில்லி போதும். வாயை லேசாகத் திறந்து வைத்து முகருங்கள், இல்லையென்றால் ஆல்கஹால் மூக்கை அடைத்துவிடும். ஒரு வாய் குடித்துவிட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி பாருங்கள். மூன்று கேள்விகள்.

தானியம் தெரிகிறதா? இரவுச் சந்தையில் வெண்ணெய் போட்டு விற்கும் அவித்த சோளம், வறுத்த நிலக்கடலை. இவை குறைகள் இல்லை. இளமையின் குணமே இதுதான், வயதான பாட்டிலில் மரம் இதை மூடிவிடும்.

வடித்தது சுத்தமா? நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடை தூக்கலாக இருந்தால், நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்தால், அது குறை. "இளசுதானே" என்று மன்னிக்க வேண்டியதில்லை.

மரமும் சாராயமும் சேர்ந்திருக்கின்றனவா? முதலில் இனிப்பு, பின்னால் தனியாக ஓர் எரிச்சல் என்று வந்தால் இரண்டும் இன்னும் பேசிக்கொள்ளவில்லை என்று அர்த்தம். சிறிய பீப்பாயில் ஒரே வருடத்தில் கறுப்பாக்கி, 'கைவினை' என்று பெயர் வைத்து இரட்டை விலைக்கு விற்கும் சில பாட்டில்கள் இங்கேதான் மாட்டும். சின்னப் பீப்பாய் நிறத்தையும் மர வாசத்தையும் விரட்டிக் கொண்டுவரும். காற்றும் காலமும் செய்யும் வேலையை விரட்ட முடியாது. இளசு என்பதற்காகத் தூக்கிப்பிடிப்பதும் அதே சோம்பேறித்தனம்தான்.

குறிப்பு எழுதும்போது தயவுசெய்து 'பழைய தோல்', 'மேப்பிள் சிரப்' என்று பாட்டில் அட்டையைப் பார்த்து எழுதாதீர்கள். நமக்குக் கருகிய குலா மெலாக்கா தெரியும். துவர்ப்பை அறுசுவையில் ஒன்றாக வைத்திருக்கும் மொழி நம்முடையது. கொட்டைப்பாக்கு மென்றவனுக்கு ஓக்கின் டானினை யாரும் விளக்க வேண்டாம்.

இதையும் நம்பவில்லையா? மூன்று கிளாஸ் எடுங்கள். இரண்டில் ஒரே விஸ்கி, ஒன்றில் வேறு. ஊற்றுவது வேறு ஆள். வேறுபட்டதைக் கண்டுபிடியுங்கள். குத்துமதிப்பாகச் சொன்னாலும் மூன்றில் ஒரு முறை சரியாகும், அதனால் தொடர்ந்து மூன்று தடவை செய்யுங்கள். மூன்றும் குருட்டு அதிர்ஷ்டத்தில் சரியாக வர வாய்ப்பு 27இல் 1. 1976இல் பாரிஸில் லேபிளை மறைத்து ஊற்றியபோது, பிரெஞ்சு நடுவர்களே கலிஃபோர்னியா வைன்களை முதலிடத்தில் வைத்தார்கள். லேபிள் தெரிந்திருந்தால் வைத்திருப்பார்களா?

"தோட்டத்துல சம்சுவும் கள்ளும் எத்தனை குடும்பத்தை அழிச்சுது, நீ விஸ்கிக்கு விமர்சனம் எழுதுறியா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கோபம். ஆனால் அந்தக் கோபம் எங்கே பாய்கிறது என்று பாருங்கள். மலிவானதைக் குடிப்பவன் குடிகாரன். பதினெட்டு வருடத்தைக் குடிப்பவர் ரசிகர். கல்லீரலுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. நம் சமூகம் மதுவை வெறுக்கவில்லை, மலிவை வெறுக்கிறது. வெளியே அதற்கு ரசனை என்று பெயர்.

இலக்கியம் வாசிக்கிறவர்களுக்கு இது புதிய வியாதியில்லை. முதல் தொகுப்பு என்றால் "வயசுக்கு நல்லா எழுதியிருக்கான்" என்று தட்டிக்கொடுப்போம், அல்லது படிக்காமலே ஓரம்கட்டுவோம். இரண்டிலும் புத்தகத்தைத் திறக்க வேண்டிய வேலை மிச்சம்.

அதனால் அடுத்த முறை மேசைக்கு நான்கு வருடப் பாட்டில் ஒன்று வந்தால், முதலில் ஊற்றி முகருங்கள். நல்லாயில்லை என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. என்ன நல்லாயில்லை என்பதை மட்டும் சேர்த்துச் சொல்லுங்கள்.