மூன்று நாள் முன்னறிவிப்பும் வட்டுக்கோட்டைக் கமமும்

வட்டுக்கோட்டையிலும் அதனை அடுத்துள்ள அராலி, சங்கரத்தை, சித்தங்கேணி முதலிய ஊர்களிலும் நெல்லும் மரக்கறியும் செய்கைபண்ணும் கமக்காரர் வானத்தை நம்பியே வாழ்கின்றனர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறு மாரிகாலத்தில் மட்டும் ஓடி அராலிப் பக்கமாகக் கடனீரேரியிற் கலக்கின்றது. மழையை நம்பிய வயல்களில் ஆண்டுக்கு ஒரு போகமே உண்டு; அது தவறின் ஈடுசெய்ய மறுபோகம் இல்லை. இத்தகைய நிலத்தில் வானிலை அறிவிப்பு வெறும் செய்தியன்று. விதை, பசளை என்பனபோல அதுவும் கமத்தொழிலின் ஒரு மூலப்பொருள் ஆகும்.

முன்னோர் பருவத்தை நன்கு அறிந்திருந்தனர். சோளகக் காற்று ஓய்வதையும் வாடைக்காற்று எழுவதையும் பார்த்து உழவும் புழுதி விதைப்பும் நடத்தினர். அவ்வறிவு இன்றும் வேண்டற்பாலதே. எனினும் அது பருவத்தைச் சொல்லுமேயன்றி நாளைச் சொல்லமாட்டாது. கார்த்திகையில் மழை பெய்யும் என்பது யாவருக்கும் தெரியும். கார்த்திகையில் எந்த நாளில் நான்கு அங்குல மழை ஒருங்கே கொட்டும் என்பதைப் பஞ்சாங்கத்தினின்று அறிதல் இயலாது. வங்காள விரிகுடாவிலே தோன்றும் தாழமுக்கத்தைச் செய்மதிகளாலும் கணிப்பீடுகளாலும் தொடர்ந்து நோக்கும் வளிமண்டலவியல் திணைக்களமே அதனை முற்கூட்டிக் கூறவல்லது. அவ்வறிவிப்பிலும் பத்து நாளுக்கு அப்பாற்பட்டதைவிட, ஒன்று முதல் மூன்று நாளுக்கு உட்பட்டதே மிகுந்த நம்பிக்கைக்கு உரியது.

சென்ற காலத்தை நோக்குவோம். 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் திகதி வட இலங்கையைத் தாக்கிய புயல், அதே இரவில் தனுஷ்கோடியையும் அழித்தது. 2008 நவம்பரில் நிஷா புயல் காரைக்கால் அருகே கரையைக் கடந்ததாயினும், அதற்கு முன்னரே குடாநாட்டை வெள்ளத்தில் ஆழ்த்தியது. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி புயல் முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடையே கரையேறியது. 2024 நவம்பர் இறுதியில் பெங்கல் புயல் புதுச்சேரியை நோக்கிச் செல்லும் வழியில் யாழ்ப்பாணத்தில் வெள்ளத்தை விளைவித்தது. அடுத்த ஆண்டு அதே மாத இறுதியில் டித்வா புயல் இலங்கை முழுவதையும் உலுக்கியது. இவற்றினின்று பெறப்படும் பாடம் யாதெனில், புயலின் மையம் தலைக்கு மேல் வரவேண்டியதில்லை என்பதே. தொலைவிலே மெல்ல நகரும் தாழமுக்கம், விரைந்து கடக்கும் கடும்புயலைவிட மிகுதியான நீரைச் சொரிந்துவிடலாம். ‘புயல் இந்தியாவுக்குப் போகின்றது’ என்று கேட்டவுடன் கமக்காரர் கவலை நீங்கியிருத்தல் தவறு.

அறிவிப்பிலே ‘100 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழை’ என்று கூறப்படும்போது அது எவ்வளவு நீர் என்பதை வயற்கணக்கில் எண்ணிப்பார்த்தல் நன்று. ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் அது ஒரு லீற்றர் நீராகும். அவ்வாறாயின் 100 மில்லிமீற்றர் மழை ஓர் ஏக்கரில் ஏறத்தாழ நான்கு இலட்சம் லீற்றர் நீரை இறக்கும். ஏக்கருக்குப் பதினாறு பரப்பெனக் கொண்டால், ஒரு பரப்புக்கு ஏறத்தாழ இருபத்தையாயிரம் லீற்றர். குடாநாடோ மலையும் சரிவும் அற்ற தட்டை நிலம். வழி விட்டாலன்றி இந்நீர் தானாக நீங்காது.

இங்கேதான் உண்மையான குறைபாடு உள்ளது. அறிவிப்பு முன்னேறியுள்ள அளவுக்கு வாய்க்கால் முன்னேறவில்லை. வெள்ள வாய்க்கால்கள் புல்லும் நெகிழிக் குப்பையும் மூடிக் கிடக்கின்றன. சில இடங்களில் வரம்பை வெட்டி வெட்டி வாய்க்காலையே வயலாக்கிவிட்டனர். வேறு சில இடங்களில் மதிலும் வீடும் அதன்மேல் எழுந்துள்ளன. வெள்ளம் வந்தபின் மேல் வயற்காரர் வரம்பை வெட்ட, கீழ் வயற்காரர் மறிக்க, அயலவர் பகைவராகின்றனர். ஒருவர் தமது வயலை மட்டும் காக்க முயல்வதாற் பயனில்லை. ஓர் அடைப்பு அறுபது வயலை அமிழ்த்தும். ஆதலால் கமக்காரர் அமைப்பு ஆவணி புரட்டாதியிலேயே ஒருநாளைக் குறித்து, அவரவர் எல்லைக்குரிய வாய்க்காலை அவரவர் துப்புரவு செய்யும் முறையை உறுதிப்படுத்தல் வேண்டும். வெள்ளம் வருமுன் அணைபோட வேண்டும் என்ற பழமொழிக்கு இக்காலத்துப் பொருள், வெள்ளம் வருமுன் வழிவிட வேண்டும் என்பதாகும்.

கோடை வெப்பமும் இதனோடு சேர்த்து எண்ணற்பாலது. சித்திரை முற்பகுதியில் ஞாயிறு இத்தீவின் நேர் மேலே நிற்கின்றது. பகல் வெப்பம் 35 பாகை செல்சியசை அண்மிக்கும் நாள்களில் தக்காளியும் மிளகாயும் பூவை உதிர்க்கும். பயிர் வாடக்கண்ட தோட்டக்காரர் இயந்திரத்தை நீண்ட நேரம் ஓடவிடுவது இயல்பு. ஆனால் குடாநாட்டின் நன்னீர் சுண்ணக்கல்லினுள் உவர்நீரின்மேல் மிதந்து நிற்பதாகும். மிகையாக இறைத்தால் கீழுள்ள உவர் மேலேறும். உவரேறிய கிணறு எளிதில் மீளாது. வெப்ப எச்சரிக்கை வந்தால் நீரைக் கூட்டுவதற்கு முன், நிலத்தை வைக்கோலாலோ காய்ந்த சருகாலோ மூடி ஈரத்தைக் காத்தலும், காலையில் அல்லது மாலையில் இறைத்தலும் வேண்டும். முற்பகல் பதினொரு மணிமுதல் பிற்பகல் மூன்று மணிவரை திறந்த தோட்டத்தில் வேலையாள்களை நிறுத்தலாகாது. அவர்களுடைய உடல்நலம் பயிரின் நலத்திலும் பெரிது.

பங்குனி, சித்திரை மாதங்களிலும் ஐப்பசியிலும் பிற்பகலில் எழும் இடிமழையை மூன்று நாள் முன்னரே இடம் குறித்துச் சொல்லுதல் அரிது. எனினும் இடி மின்னல் எச்சரிக்கை வெளிவந்த நாளில் பிற்பகல் வேலையைக் காலைக்கு மாற்றலாம். இடியோசை கேட்டவுடன் மண்வெட்டியை விட்டு வீட்டினுள் செல்லவேண்டும். வெளியில் தனித்து நிற்கும் பனையின்கீழ் ஒதுங்குதல் உயிருக்கு ஆபத்து.

‘மழை என்றார்கள், பெய்யவில்லை. சும்மா வேலை கெட்டது’ என்று சிலர் குறை கூறுவர். அக்குறையை அலட்சியம் செய்தலாகாது; நாட்கூலியும் நேரமும் கமக்காரருக்குப் பொருளே. ஆகவே செலவற்றவற்றை முதலிலும், செலவுள்ளவற்றை இறுதியிலும் செய்யும் ஒழுங்கே அறிவுடைமை. மூன்று நாள் முன்னதாக முதல் அறிவிப்பு வரும்போது யூரியா இடுவதையும் மருந்து தெளிப்பதையும் நிறுத்திவைத்தல் போதும். அதனால் இழப்பில்லை, இட்டிருந்தாலோ அது வெள்ளத்தோடு போயிருக்கும். இரண்டாம் நாளும் அறிவிப்பு நிலைத்திருப்பின் வாய்க்கால் வாயையும் மிளகாய், கத்தரிப் பாத்திகளின் வடிகாலையும் திறந்துவிடல் வேண்டும். வேர் ஓரிரு நாள் நீரில் நின்றாலே அப்பயிர்கள் வாடத் தொடங்கும். கடைசி நாளிலும் எச்சரிக்கை நீங்காவிடின் முற்றிய காய்களைப் பறித்தும், விதை வெங்காயத்தை உயரத்திற் கட்டியும், இறைப்பு இயந்திரத்தை மேட்டுக்கு ஏற்றியும், மாடுகளை அவிழ்த்து உயரமான இடத்திற் சேர்த்தும் வைக்கவேண்டும். தையில் அறுவடைக்குக் காத்திருக்கும் வயலுக்கும் இதுவே முறை. முற்றிய கதிரை ஓரிரு நாள் முந்தி அறுத்தலால் வரும் குறை சிறிது, சாய்ந்து முளைத்த கதிரால் வரும் குறை பெரிது.

கடமை கமக்காரருக்கு மட்டும் உரியதன்று. ‘வடமாகாணத்தில் சில இடங்களில் மழை’ என்ற வாசகம் வட்டுக்கோட்டை வயலில் நிற்பவருக்கு என்ன செய்யவேண்டும் என்று சொல்வதில்லை. அதனை அவ்வூரின் பயிர்நிலைக்கு ஏற்ப விளக்கி, கமநல சேவை நிலையத்திலும் சனசமூக நிலையங்களிலும் கரும்பலகையில் நாடோறும் எழுதிவைத்தல் உத்தியோகத்தரின் பொறுப்பாகும். கைப்பேசியில் அறிவிப்பைப் பார்க்கத்தக்க இளைஞர், பாராத முதியவருக்கு அதனைச் சொல்லுதலும் கடனே. ஒவ்வொரு தோட்டத்திலும் நேரான பக்கங்களுடைய ஒரு தகரக் குவளையைத் திறந்த வெளியில் வைத்து, காலைதோறும் நீரின் உயரத்தை அளந்து கொப்பியில் எழுதிவந்தால், அறிவிப்பு அவ்வூருக்கு எவ்வளவு பொருந்துகின்றது என்பதைச் சில ஆண்டுகளில் ஊராரே அறிந்துகொள்வர்.

மாரியில் வயலை மூழ்கடித்துக் கடலுக்கு ஓடும் நீரும், சித்திரையில் கிணற்றில் காணாது தேடும் நீரும் ஒன்றே. அதனை முற்கூட்டி அறிந்து, மிகுதிக்கு வழியும் எஞ்சியதற்குக் குளத்திலும் துரவிலும் இடமும் அமைப்பதே குடாநாட்டுக் கமத்தொழிலின் முதன்மையான பணி. அடுத்த மாரிக்கு முன் வட்டுக்கோட்டைக் கமக்காரர் தத்தம் வாய்க்காலை ஒருமுறை தலைமுதல் கடைவரை நடந்து பார்ப்பாராக.