கலக்காதவரை சரக்கு, கலந்தால் குப்பை! - திருப்பூர் தரும் தொழில் பாடம்

டூவீலர் மெக்கானிக் கையில் ஒட்டிய கிரீஸைத் துடைக்க ஒரு மூட்டையிலிருந்து துண்டுத் துணியை உருவுவாரே, பார்த்திருக்கிறீர்களா? அதற்குப் பெயர் பனியன் வேஸ்ட். பெயரில்தான் வேஸ்ட். உண்மையில் அது கிலோ கணக்கில் காசு கொடுத்து வாங்கிய சரக்கு.

அந்தத் துண்டுகளுக்குத் தாய்வீடு திருப்பூர். பொருளைச் செய்வது, பயன்படுத்துவது, தூக்கி எறிவது என்று ஒரே திசையில் போகாமல், ஒருவரின் கழிவை இன்னொருவரின் மூலப்பொருளாக மாற்றுவதை ‘சர்குலர் எகானமி’ என்கிறார்கள். தமிழில் சுழற்சிப் பொருளாதாரம். இந்தப் பெயர் பிரபலமாவதற்கு முன்பே திருப்பூர் அதைச் செய்துகொண்டிருந்தது.

ஆனால், எல்லாக் கழிவும் காசாகிவிடுவதில்லை. ஒன்று விலைபோகிறது, இன்னொன்று குடோனில் தூங்குகிறது. ஏன்? இரண்டுக்கும் திருப்பூரிலேயே உதாரணம் இருக்கிறது.

நிறம் பிரித்தால் பணம்

ஒரு டி-ஷர்ட்டின் கழுத்தும் கையும் வளைவானவை. கட்டிங் மாஸ்டர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், கம்ப்யூட்டரில் லே-அவுட் போட்டாலும், வளைவுகளுக்கு நடுவே துணி மிஞ்சத்தான் செய்யும். 100 கிலோ துணியை வெட்டினால் சாதாரணமாக 10 கிலோவுக்கு மேல் கட்டிங் வேஸ்ட் ஆகிவிடும்.

இந்தத் துண்டுகளை நிறவாரியாகப் பிரிக்கிறார்கள். வெள்ளை தனி, கறுப்பு தனி, சிவப்பு தனி. பிறகு அவை மில்லுக்குப் போகின்றன. பல் வைத்த உருளைகள் துணியைக் கிழித்துப் பஞ்சாக்குகின்றன. அந்தப் பஞ்சை ஓ.இ. மில்கள் நூலாக நூற்கின்றன. கோவை, திருப்பூர் மாவட்டங்களில் இப்படிப்பட்ட மில்கள் ஏராளம். பெட்ஷீட், கால்மிதி, கையுறை என்று பல பொருள்களுக்கு இந்த நூல் போகிறது.

இதில் ஒரு அழகான கணக்கு இருக்கிறது. கறுப்புத் துண்டுகளை மட்டும் கிழித்தால் கறுப்புப் பஞ்சுதானே வரும்? அதில் நூற்ற நூலுக்கு மறுபடி சாயம் போட வேண்டியதில்லை. சாயம், தண்ணீர், உப்பு, பாய்லர் விறகு எல்லாமே மிச்சம். அதே துண்டுகளை எல்லா நிறமும் சேர்த்து ஒரே மூட்டையில் அமுக்கினால்? அழுக்கு நிறத்தில் ஒரு நூல் வரும். விலை இறங்கிவிடும். எண்ணெய்க் கறையோ, லைக்ரா கலந்த துணியோ உள்ளே சேர்ந்தால் இன்னும் மோசம். ரப்பர் மாதிரி இழுபடும் லைக்ரா, காட்டன் போல எளிதில் பஞ்சாகாது.

இந்தச் சுழற்சிக்கு எல்லையும் உண்டு. துணியைக் கிழிக்கும்போது இழையின் நீளம் குறைந்துவிடும். அதனால் நூலுக்கு வலு சேர்க்க புதுப் பஞ்சையோ, பழைய பெட் பாட்டிலிலிருந்து எடுத்த பாலியஸ்டர் இழையையோ கலப்பார்கள். சக்கரம் சுற்றுகிறது, ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் தேய்கிறது.

உப்பு கற்றுக்கொடுத்தது

இனி கசப்பான கதை. நொய்யலில் ஓடிய சாயத் தண்ணீர், பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் போய்த் தேங்கியது. கிணறும் நிலமும் கெட்டுப்போய், விவசாயிகள் நீதிமன்றத்தின் படியேறினார்கள்.

நம் கண்ணுக்குத் தெரிந்தது தண்ணீரின் நிறம். நிலத்தைக் கெடுத்ததில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாத உப்புக்கு. காட்டன் துணியில் சாயம் ஏறுவதற்காக உப்புப் போடுவார்கள். சாயம் துணியில் தங்கிவிடும், உப்பு தங்காது. போட்ட உப்பு அநேகமாக முழுவதும் கழிவுநீரோடு வெளியே வந்துவிடும்.

2011 ஜனவரியில், சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத நிலையை எட்டினால்தான் திறக்க முடியும் என்ற நிலை. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. ஒரு பக்கம் பாழாகிப்போன தோட்டங்கள். மறு பக்கம் வேலையிழந்த தொழிலாளர்கள். இரண்டு பக்கமும் வயிற்றுப்பாடுதான்.

பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் மேம்படுத்தப்பட்டன. முதலில் நுண்ணுயிரிகள் அழுக்கைத் தின்னும். அடுத்து, நம் வீட்டு வாட்டர் ப்யூரிஃபையரில் இருக்கும் அதே ஆர்.ஓ. முறை. சுத்தமான தண்ணீர் பட்டறைக்கே திரும்பிப் போகும். காசு கொடுத்து வாங்க வேண்டிய தண்ணீரில் பெரும்பகுதி இப்படிக் கையிலேயே கிடைக்கிறது. மிஞ்சும் உப்புக் கரைசலைத் தெளியவைத்து மறுபடி சாயமேற்றப் பயன்படுத்துகிறார்கள். அதற்கும் மேல் மிஞ்சுவதைக் காய்ச்சி உப்பாக எடுக்கிறார்கள். இந்தக் கடைசி வேலைக்குத்தான் எரிபொருளும் மின்சாரமும் அதிகம் செலவாகிறது.

அந்தக் கடைசி மூட்டையில்தான் சிக்கல். சோடியம் குளோரைடு, சோடியம் சல்பேட், இன்னபிற அழுக்கு எல்லாம் கலந்த ‘மிக்ஸட் சால்ட்’ அது. பிரித்தெடுத்த உப்புக்குப் பட்டறையிலேயே வேலை இருக்கிறது. இந்தக் கலவையைக் கேட்டு வருவார் யாருமில்லை. மழை பட்டால் கரைந்து மறுபடி மண்ணுக்குள் போய்விடும் என்பதால், ஷெட் போட்டு அடுக்கிவைத்துக் காக்க வேண்டியிருக்கிறது.

ஒரே ஊர், ஒரே தொழில். பிரித்த துண்டு விற்பனையாகிறது. கலந்த உப்பு வாடகை கேட்கிறது.

நம் கடைக்கு என்ன?

பெரிய ஆலைக்கு மட்டுமான கணக்கல்ல இது. டிஃபன் சென்டர் நடத்துகிறீர்களா? பொரித்த எண்ணெயைத் தனி கேனில் ஊற்றிவைத்தால் அது பயோடீசலுக்கு மூலப்பொருள். இப்படிச் சேகரிப்பதற்காகவே உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2018-ல் ‘ருகோ’ திட்டத்தைத் தொடங்கியது. அதே எண்ணெயைச் சிங்க்கில் கொட்டினால் அடைப்பெடுக்க நீங்கள்தான் காசு கொடுக்க வேண்டும். மளிகைக் கடையா? காய்ந்த அட்டைப் பெட்டிக்குப் பழைய பேப்பர் கடையில் விலை உண்டு. அழுகிய தக்காளியோடு சேர்ந்து நனைந்த அட்டையை யார் எடுப்பார்?

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2025 ஜனவரி 1 முதல் பழைய துணிகளைத் தனியாகச் சேகரிக்க வேண்டும் என்பது சட்டம். அங்கேயும் முதல் பாடம் பிரிப்பதுதான்.

பிரிப்பதை எப்போது செய்கிறோம் என்பதும் முக்கியம். வெட்டிய கையோடு கறுப்புத் துண்டைக் கறுப்புப் பையில் போட ஒரு நொடி போதும். கலந்தபின் பிரிக்க, பஞ்சுத் தூசுக்கு நடுவே ஒருவர் நாள் முழுக்க உட்கார வேண்டும். நம் அலட்சியத்தின் செலவை அவருடைய நுரையீரலும் சேர்ந்து சுமக்கிறது.

ஒரு வாரம் மட்டும் இதைச் செய்து பாருங்கள். கடையிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு கழிவையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். எத்தனை கிலோ, எதனால் வந்தது, யார் எடுக்கிறார், என்ன விலை? முதலில், வராமலேயே தடுக்கக்கூடியதைத் தடுங்கள். லாபத்தில் அதுதான் முதலிடம். மிச்சத்துக்கு ஒன்றுக்கு ஒரு கூடை வையுங்கள். வாங்குபவரைத் தேடுவது அதற்கு அடுத்த வேலை. கூடை சுத்தமாக இருந்தால், அவரிடம் விலை பேசும் தைரியம் தானாக வரும்.