சான்றிதழ் வாங்கிய தமிழ்

சனி, ஞாயிறுகளில் சிங்கள உத்தியோகத்தர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். கண்டிப் பக்கத்தில் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பலர். 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கைக்குப் பிறகு அரச சேவையில் சேர்ந்தவர்கள் மற்றைய அரசகரும மொழியில் ஐந்து ஆண்டுக்குள் தேர்ச்சி பெற வேண்டும் என்று ஆனது. அந்த நிர்ப்பந்தத்தில்தான் வருகிறார்கள். வந்தபின் ஆசையோடு படிக்கிறவர்களும் உண்டு. ல, ள, ழ எழுதுவதில் என் அண்ணன் பிள்ளைகளைவிட இவர்கள் கெட்டிக்காரர்கள். தேர்வில் தேறியதும் வெற்றிலைக் கட்டோடு வந்து காலில் விழுந்துவிட்டுப் போகிறார்கள்.

போனவர்கள் கருமபீடத்தில் உட்கார்ந்தபின் அந்தத் தமிழ் என்ன பாடுபடுகிறது என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை. என் மனக்குறை அதுதான்.

மலையகத்தில் ஒரு பிரதேச செயலகம். என் சொந்த வேலையாக வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் தோட்டத்திலிருந்து வந்த ஒரு வயதான அம்மா. அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவு சம்பந்தமாக வந்திருந்தார். பத்திரங்களை ஷொப்பிங் பைக்குள் பை வைத்துச் சுற்றியிருந்தார். கருமபீடத்தில் இருந்த இளைஞர் என் மாணவர் அல்லர், ஆனால் யாரோ நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பத்திரங்களைப் புரட்டிவிட்டு நிதானமாகக் கேட்டார்: “அம்மா, உங்கள் கணவரின் குடும்பப் பெயரும் மகனின் குடும்பப் பெயரும் வேறு வேறாக இருக்கின்றனவே, ஏன்?”

ஒரு பிழையில்லை. பன்மை முடிவுகூடச் சரியாக விழுந்தது. அந்த அம்மாவின் முகம் சட்டென்று மாறிவிட்டது. “என்னாங்க ஐயா சொல்றீங்க? எம் மகன் வேற ஆளுக்கா பொறந்தான்?”

கணவர் மாரிமுத்து ராஜேந்திரன், மகன் ராஜேந்திரன் சதீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். நமக்கு இதில் கேட்க ஒன்றுமில்லை. அந்த இளைஞர் வளர்ந்த வீட்டிலோ, பெயருக்கு முன்னால் நிற்பது ‘கே’ என்று முடியும் வாசகம என்ற குடும்பப் பெயர். பாட்டனுக்கும் பேரனுக்கும் அது ஒன்றே. முன்பாதி மாறினால் அவர் கண்ணுக்கு அது வேறு குடும்பம். அவர் கேட்டது படிவத்தைப் பற்றி. அந்த அம்மா அதைத் தன் மானத்தைப் பற்றிய கேள்வியாக எடுத்துக்கொண்டார். நான் குறுக்கே புகுந்து விளக்கினேன். இளைஞருக்குக் கூச்சமாகிவிட்டது, அம்மாவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. கடைசியில் கிராம உத்தியோகத்தரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு இன்னொரு நாள் வரச்சொன்னார்கள். இன்னொரு நாள் என்றால் அந்த அம்மாவுக்கு ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும் போச்சு.

நான் நடத்துகிற பாடங்களில் ‘என் குடும்பம்’ உண்டு, ‘சந்தையில்’ உண்டு, ‘தைப்பொங்கல்’ உண்டு. தமிழர் பெயர் வைக்கும் முறை கிடையாது. தைப்பொங்கலைப் பற்றிப் பத்து வரி எழுதத் தெரிந்த உத்தியோகத்தருக்குப் பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரைப் படிக்கத் தெரியவில்லை.

இப்படிப்பட்ட இடறல்களை ஆராய்ச்சிக்காரர்கள் எப்போதோ பிடித்துவிட்டார்கள். ஜோன் கம்பர்ஸ் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1950களில் உத்தரப் பிரதேசத்துக் கிராமம் ஒன்றில் இருந்து பேச்சை ஆராய்ந்தவர். பின்னால் அவருடைய கவனம் பிரித்தானியாவில் குடியேறிய ஆசியத் தொழிலாளர் பக்கம் திரும்பியது. அங்கே ஒரு விமான நிலையத்தின் ஊழியர் உணவகத்தில் இந்திய, பாகிஸ்தானியப் பெண்கள் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தார்கள். சிடுமூஞ்சிகள், மரியாதை தெரியாதவர்கள் என்று அவர்கள்மீது முறைப்பாடு. தங்களை ஒதுக்குகிறார்கள் என்று அந்தப் பெண்களுக்கும் மனத்தாங்கல். இத்தனைக்கும் அவர்கள் பேசுவதே ஒன்றிரண்டு வார்த்தைதான். இறைச்சி எடுத்தவரிடம் மேலே ஊற்றும் குழம்பு வேண்டுமா என்று கேட்க ‘கிரேவி’ என்று ஒரு சொல் போதும். ஆங்கிலேயப் பெண் அதைக் குரல் உயர்த்தி முடிப்பாள். இவர்கள் குரலை இறக்கி முடித்தார்கள். அவர்களுடைய தாய்மொழிக் காதுக்கு அது பணிவான கேள்வி. சாப்பிட வந்தவர் காதிலோ, ‘இதுதான் கிரேவி, இஷ்டமென்றால் எடு’ என்று விழுந்தது.

கம்பர்ஸ் அந்த ஒற்றைச் சொற்களை ஒலிப்பதிவு செய்து போட்டுக் காட்டினார். பெண்களுக்கு முதலில் வித்தியாசமே கேட்கவில்லை. மேற்பார்வையாளருக்கு உடனே கேட்டது. பெண்கள் தங்கள் குரல் எப்படி விழுகிறது என்று கற்றார்கள். இறங்கிய குரலும் கேள்விதான் என்று மேற்பார்வையாளர்கள் கற்றார்கள். 1979 இல் பிபிசி அவரை வைத்து ‘குரொஸ்டோக்’ என்ற நிகழ்ச்சியே செய்தது.

இதற்கு எதிராகவும் குரல் எழுந்தது. நிறவெறியைத் தொனிப் பிழையாகச் சுருக்கிவிடுகிறார்கள், அதிகாரம் யார் கையில் என்பதைப் பேசவில்லை என்றார்கள். அதில் நியாயம் இருக்கிறது. நம் நாட்டையே பாருங்கள்: 1956 இல் தனிச் சிங்களச் சட்டம். தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் சொல்ல 1987 ஆகிவிட்டது. பொலிஸ் நிலையங்களில் இரு மொழியும் தெரிந்தவர்கள் 24 மணி நேரமும் இருக்க வேண்டும் என்று கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011 இல் பரிந்துரைக்க வேண்டியிருந்தது. இந்தக் கணக்கைக் குரலை ஏற்றி இறக்கித் தீர்க்க முடியாது, எனக்கும் தெரியும். ஆனாலும் வெறுப்பே இல்லாத ஒரு இளைஞர், சரியான தமிழில் ஒரு கிழவியை அவமானப்படுத்திவிட்டார் என்றால், அந்த இடத்தைக் கம்பர்ஸ் மாதிரி ஒருவர் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும்.

இங்கே வேலை இன்னும் சிக்கல். சிங்களம், தமிழ் இரண்டிலும் எழுத்து ஒன்று, பேச்சு வேறு. பேச்சுச் சிங்களத்தில் நானும் நீயும் அவனும் வந்தாலும் வினைச்சொல் ஒன்றேதான்; நம்முடையதில் ஆளுக்கொரு முடிவு. அதைக் கஷ்டப்பட்டுப் படித்து ‘வருகிறார்’ என்று சொல்லப் பழகியவர் முன்னால் யாழ்ப்பாணத்தார் ‘வாறார்’ என்பார், தோட்டத்து ஆள் ‘வாராங்க’ என்பார். யாழ்ப்பாணத்து ஆசிரியரிடம் படித்தவர் ‘நீர்’ என்ற நடுத்தர மரியாதையைச் சேர்த்துக்கொண்டு வருவார். லயத்திலிருந்து வந்த பெரியவரை ‘நீர் எங்கே இருக்கிறீர்?’ என்று கேட்டால் அவருக்குப் பழைய துரையின் நினைப்பு வரும். தேர்வு இதையெல்லாம் கேட்பதில்லை. வாய்மொழிப் பரீட்சையும் இருக்கிறதுதான். அதில் பரீட்சகர் படித்த தமிழில் கேட்கிறார், பரீட்சார்த்தி படித்த தமிழில் பதில் சொல்கிறார்.

இன்னொன்றும் உண்டு, அது நம் பக்கம். உத்தியோகத்தரை மட்டும் படிக்கவைத்தால் போதும் என்று நினைக்கிறோம். நம் ஆட்கள் கருமபீடத்தில் விஷயத்தை எடுத்தவுடன் சொல்வதில்லை. கணவர் விழுந்து காலை முறித்துக்கொண்டதில் தொடங்கி, மகள் கொழும்புக்கு வேலைக்குப் போனதைத் தாண்டி, அடையாள அட்டை தொலைந்த இடத்துக்கு வந்துசேர்வார்கள். சிங்களக் கிழவியும் இப்படித்தான் சொல்வாள். ஆனால் தாய்மொழியில் கேட்கும்போது தேவையில்லாததைக் காது தானே தள்ளிவிடும். இரண்டாம் மொழியில் ஒவ்வொரு சொல்லையும் பிடித்து வைத்துக்கொண்டு கேட்க வேண்டும். கால் முறிந்த கதைக்குள்ளேயே உத்தியோகத்தர் களைத்துப்போகிறார். “சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்” என்கிறார். அதை அலட்சியம் என்று நாம் வீட்டுக்குப் போய்ச் சொல்கிறோம். சில நேரம் அலட்சியம்தான். சில நேரம் களைப்பு.

எது எவ்வளவு என்று தெரிய ஒரே வழி, கேட்பது. இரு தரப்பின் சம்மதத்தோடு ஒரு பிரதேச செயலகத்தின் ஒரு கருமபீடத்தில் ஒரு மாதம் பேச்சைப் பதிவு செய்யட்டும். பெயர், இலக்கம் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு அதிலிருந்தே பாடம் எழுதலாம். வாய்மொழிப் பரீட்சையில் பரீட்சகருக்குப் பதிலாக அந்த ஒலிப்பதிவைப் போட்டு, “இவருக்கு என்ன வேண்டுமாம்?” என்று கேட்கலாம். அகலவத்தையில் இதற்கென்றே தேசிய மொழிக் கல்வி, பயிற்சி நிறுவகம் இருக்கிறது. களனியிலும் யாழ்ப்பாணத்திலும் மொழியியல் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அங்கிருந்து ஒருவர், இங்கிருந்து ஒருவர் என்று சோடியாக உட்காரவைத்தால், ஒலிப்பதிவைக் கேட்டு எழுதுகிறபோதே அவர்களுக்குள் சண்டை வரும்: அவர் அப்படிச் சொல்லவில்லை, இப்படித்தான் சொன்னார் என்று. அந்தச் சண்டையையும் ஒரு பக்கத்தில் குறித்துவைக்கச் சொல்ல வேண்டும். என் வகுப்புக்கு முதலில் வேண்டியது அந்தப் பக்கம்தான்.