உளவு சொல்வோரும் நீதியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பயங்கரவாதத்தை அடக்க உளவு சொல்வோர் இன்றியமையாதவர் என்று தங்கள் தலையங்கம் கூறுவதை நான் மறுக்கவில்லை. ஆயினும், 1950 மே மாதத்தில், தலைமறைவாயிருந்த கம்யூனிஸ்ட் விவசாய இயக்கத்தினரான வாட்டாக்குடி இரணியனும் ஜாம்பவானோடை சிவராமனும் போலீஸாரால் சுட்டுக்கொல்லப்பட்டதையும், காட்டிக்கொடுத்தவர் யார் என்ற பேச்சு ஓயாததையும் அறிந்த எங்கள் தஞ்சைச் சீமை ஜனங்களுக்கு, அவ்விஷயம் அத்தனை லகுவாகத் தோன்றுவதில்லை. கோடியக்கரைக்கு அக்கரையில், யாழ்ப்பாணத்து ராணுவச் சுற்றிவளைப்புகளில், கண்களுக்கு மட்டும் ஓட்டை விட்ட சாக்கைத் தலையில் கவிழ்த்து உட்காரவைக்கப்பட்ட ‘தலையாட்டி’, வரிசையில் வரும் வாலிபர்களில் ஒருவனைப் பார்த்துத் தலையசைத்தால் போதும், விசாரணையின்றியே அவனைப் பிடித்துச் சென்றார்கள். அந்தத் தலையாட்டியும் பலநேரம் அடிக்கு அஞ்சியவனே. ஒருவன் தலையசைப்பையே நம்பும் இம்முறைக்கு மாறாக, ஒருவரையொருவர் அறியாத மூன்று ஒற்றர்களின் சொல் ஒத்துவந்தால் தெளியலாமென வள்ளுவர் திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரத்தில் விதித்தார்.

துப்பு எங்கிருந்து வந்ததென்று போலீஸாரைச் சொல்லக் கட்டாயப்படுத்தலாகாது என்றது 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தின் 125-ஆவது பிரிவு. அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டமும் அவ்விதியைக் கைவிடவில்லை. பெயரை மறைப்பது நியாயமே. உயிர் போகும் காரியம். ஆனால், உளவு சொன்னவருக்கு அளித்த பணமும் வாக்குறுதியும் நீதிபதிக்காவது அந்தரங்கமாகத் தெரிவிக்கப்பட வேண்டுமென்று பாராளுமன்ற அங்கத்தினர்கள் வற்புறுத்த வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்,
திருத்துறைப்பூண்டி