முன்பாரம் எவ்வளவு?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்) மாணவன்

அமெரிக்க நாட்டிலே விடுமுறை வந்தால் குடும்பத்தோடு காட்டுக்கும் மலைக்கும் சென்று கூடாரமடித்துத் தங்கும் பழக்கம் உண்டு. கூடாரம் போதாது என்போர், கட்டிலும் அடுப்பும் குளியலறையும் கொண்ட வீட்டையே சக்கரத்தின்மேல் ஏற்றி, பிக்கப் டிரக்கின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்கிறார்கள். கரும்பு டிராக்டர் ஓட்டுபவரின் மகனுக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் நகைக்கலாம். வேலை இருக்கிறது.

டெக்சாசில் பணிபுரியும் என் பெரியப்பா மகன் பொங்கலன்று கைப்பேசியில் முகம் காட்டிப் பேசினார். "டிரக் பார்த்துட்டேன் சித்தப்பா. 5,000 கிலோ இழுக்குமாம். அதுக்கேத்த டிரெய்லர் தேடிக்கிட்டிருக்கேன்" என்றார். என் தந்தையார் நான்காம் வகுப்போடு நின்றவர். அவர் கேட்டது ஒரே கேள்வி: "இழுக்கிறது கெடக்கட்டும்ப்பா, முன்பாரம் எவ்வளவு வரும்?"

அண்ணன் விழித்தார். நெம்புகோல் தத்துவத்தை எழுதி மதிப்பெண் வாங்கிய நானும் விழித்தேன். பேராசிரியப் பெருமக்கள் பொறுத்தருள்க!

பிறகு தேடிப் படித்தேன். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடும் இழுவைத்திறனை நம்பி டிரக் வாங்குவது அறியாமை என்பேன். பார்க்க வேண்டிய எண், ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒட்டியிருக்கும் சின்னஞ்சிறு தாளில் இருக்கிறது. ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை எடையைத் தாண்டக் கூடாது என்கிறது அத்தாள். கொக்கியின்மேல் டிரெய்லர் அழுத்தும் முன்பாரமும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

போட்டுப் பாருங்கள். சாமான் ஏற்றிய டிரெய்லர் 3,000 கிலோ. அது ஆடாமல் வர, முன்பாரம் 10 முதல் 15 விழுக்காடு வேண்டும். 13 என்று கொண்டால் 390 கிலோ. கணவன், மனைவி, இரு பிள்ளைகள் 250 கிலோ. கொக்கிச் சாமான்கள் 40 கிலோ. ஆக 680. தாளில் 700 என்றிருந்தால் மிச்சம் இருபதே கிலோ! நாயை வீட்டில் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். 5,000 கிலோ இழுக்கும் என்ற டிரக் 3,000 கிலோவிலேயே நிறைந்துவிட்டதே!

சாமானைப் பின்னுக்குத் தள்ளி முன்பாரத்தைக் குறைத்தால் என்ன? அங்கேதான் ஆபத்து. பின்பாரம் மிகுந்த டிரெய்லர் வேகத்தில் பாம்புபோல நெளியும். டிரக்கையும் சேர்த்துப் புரட்டிவிடும். 1954-இல் வந்த 'தி லாங், லாங் டிரெய்லர்' என்ற ஹாலிவுட் படத்தில், மனைவி ஆசையாகச் சேர்த்த கற்களை டிரெய்லருக்குள் ஒளித்து வைக்க, மலைப்பாதையில் அந்தத் தம்பதியர் படும்பாடு சிரிப்பை மூட்டும்.

எங்கள் வீட்டில் அது சிரிப்பன்று. நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது, ஏற்றுக்கூலி மேஸ்திரி ஒருவர் டிரெய்லரின் பின்புறம் மேலும் மேலும் கரும்பை அடுக்கச் செய்தார். அப்பா வேண்டாமென்றார், கேட்பாரில்லை. ஏரிக்கரை மேட்டில் டிரெய்லரின் மூக்கு மேலெழும்ப, டிராக்டரின் பின்சக்கரங்கள் பிடிமானம் இழந்தன. வண்டி பின்னோக்கிச் சரிந்தது. அப்பாவின் வலக்கால் முறிந்தது. மூன்று மாதம் அம்மாவின் களையெடுப்புக் கூலியில்தான் உலை கொதித்தது.

ஆகவே, முதலில் குடும்பத்துக்கு ஏற்ற டிரெய்லரை முடிவு செய்க. அதன் பிறகே டிரக். டிரெய்லரின் வெற்று எடையையும் நம்ப வேண்டா. 150 லிட்டர் தண்ணீர் நிரப்பினால் 150 கிலோ கூடும். எரிவாயு, பாத்திரம், படுக்கை தனி. ஆடம்பர டிரக்காக வாங்கினால் தீராதா என்பர். ஒரே வகை டிரக்கில் கூரைக் கண்ணாடியும் சொகுசு இருக்கைகளும் கூடக் கூட, கதவுத் தாளின் எண் குறையும் என்பதே வேடிக்கை!

சென்ற வாரம் அண்ணன் அந்தத் தாளைப் படமெடுத்து அனுப்பினார். 640 கிலோ. இப்போது சிறிய டிரெய்லர் தேடுகிறார். தண்ணீர்த் தொட்டி அச்சுக்கு முன்னாலா, பின்னாலா என்று கேட்கச் சொல்லியிருக்கிறார் அப்பா.