நெசவுப் பிரிவில் எழுந்த கேள்வி

நவம்பர் 7 நெருங்குகிறது. தாராவியிலும் செம்பூரிலும் கூட்டங்களுக்கு ஏற்பாடு நடக்கிறது. புரட்சி நாளான இதே தேதியில், 1938ஆம் ஆண்டு பம்பாய்த் தொழிலாளர் நடத்திய ஒருநாள் வேலைநிறுத்தத்தையும் நமது பேச்சாளர்கள் தவறாமல் நினைவுகூர்வர். காங்கிரஸ் அமைச்சரவையின் தொழில் தகராறு மசோதாவை எதிர்த்து, டாக்டர் அம்பேத்கரின் சுதந்திரத் தொழிலாளர் கட்சியும் கம்யூனிஸ்டுகளும் ஒன்றாக நின்றனர். அம்பேத்கரும் டாங்கேயும் ஒரே மேடையில் பேசினர். பெருமைக்குரிய நாள்தான். அந்த மேடைக்குப் பத்தாண்டு முன்பு நடந்ததை மட்டும் நாம் சொல்வதில்லை.

1928இல் பம்பாய்ப் பஞ்சாலைகளில் ஏறத்தாழ ஆறு மாதம் வேலைநிறுத்தம் நீடித்தது. ஆலைகளில் நல்ல கூலி கிடைத்த நெசவுப் பிரிவில் தீண்டப்படாதோருக்கு இடமில்லை. தார் மாற்றும்போதெல்லாம் நூல்முனையை நாடாவின் துளைவழியே வாயால் உறிஞ்சி இழுக்கவேண்டும். அவர்கள் வாய் பட்ட நாடாவைத் தொடமாட்டோம் என்றவர்கள் முதலாளிகள் அல்லர். உடன் உழைத்த சாதி இந்துத் தொழிலாளரே. இத்தடையை நீக்குவதும் கோரிக்கைகளுள் ஒன்றாகவேண்டும் என்று அம்பேத்கர் வலியுறுத்தினார். தலைவர்கள் அரைமனதோடு சேர்த்துக்கொண்டனர். இதற்கு நாங்கள் பொறுப்பல்ல என்று ஆலை முதலாளிகள் கைவிரித்தனர். அவர்கள் சொன்னதில் பொய்யில்லை என்பதுதான் கசப்பு. மறு ஆண்டு வேலைநிறுத்தத்தை அம்பேத்கர் வெளிப்படையாகவே எதிர்த்தார்.

வர்க்கத்துக்குள் சாதி எங்கே ஒளிந்திருக்கிறது என்று நமக்குக் காட்டிய அக்கேள்வி வெளியிலிருந்து வந்தது. அதை ஒப்புக்கொள்வதில் இழுக்கொன்றுமில்லை. 1938இல் அம்பேத்கர் கம்யூனிஸ்ட் ஆகிவிடவில்லை. நாமும் நமது கொள்கையைக் கைவிடவில்லை. ஆனால் வர்க்க ஒற்றுமை தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கை அசைந்தது. அசைந்தது நல்லதே.

மாற்றுக் கருத்துக்கு மேடை கொடுத்தால் அணிகள் குழம்பும் என்று சில தோழர்கள் அஞ்சுகிறார்கள். லாகூர் மாநாட்டுக்கென எழுதிய உரையை, அமைப்பாளர்கள் பின்வாங்கியதால் 1936இல் அம்பேத்கர் தாமே அச்சிட்டார். மறு ஆண்டுப் பதிப்பில் காந்தியாரின் மறுப்பையும் சேர்த்து, அதற்குத் தம் பதிலையும் வைத்தார். அவர் வாசகர் குழம்பியதாகத் தெரியவில்லை. நமது வெளியீடுகளில் எதிர்த்தரப்பு வாதம் அவர்கள் சொல்லிலேயே எத்தனை முறை வந்திருக்கிறது? தீர்மானங்களைத் தமிழாக்குகையில் ‘அடையாள அரசியல்’ என்ற தொடரை நான் நூறு முறை எழுதியிருப்பேன். அதற்குள் யாருடைய எந்தக் கேள்வி அடைபட்டுக் கிடக்கிறது என்று மூலத்திலும் இருந்ததில்லை.

தாராவியில் தோல் பதனிட வந்த நெல்லைச் சீமைத் தலித் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் நமது கிளைக் கூட்டத்துக்கு ஒருமுறை வருகிறார்கள்; அடுத்த முறை நீலக்கொடி ஊர்வலத்தில் தென்படுகிறார்கள். தொடர்பு விட்டுப்போயிற்று என்று அறிக்கையில் எழுதுகிறோம். அவர்கள் கேட்டது என்ன என்று எழுதுவதில்லை.

இவ்வாண்டுத் தாராவிக் கூட்டத்தில் முதல் உரையை அம்பேத்கரிய நண்பர் ஒருவருக்குக் கொடுக்கலாம் என்பது என் யோசனை. 1938ஐ நாம் பேசிக்கொள்வோம். 1928ஐ அவர் பேசட்டும். நடுவே துண்டுச்சீட்டு அனுப்பவேண்டாம். நமது பதிலை அவர் முடித்த பிறகு எழுதத் தொடங்கினால் போதும்.